மேற்படி நபர்

பாலகிருஷ்ணன் இறந்த பதினோராம் நாள் சபை தொடங்கப்பட்டது. அவன் உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு சபை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அது 1909ஆம் வருஷம். பாலகிருஷ்ணன் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் கயிற்றுக் கிடங்கில் வேலை பார்த்தவன். வயது இருபத்து நான்கு. அவன் ஒரு படகோட்டியோடு நெருக்கமாக இருக்கிறான் என்று மேஸ்திரி ஒரு காலையில் பெயர் வாசிக்கும்போது எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தினமும் அவன் பெயர் வரும்போது சிரித்தார்கள். ஒன்பதாம் நாள் பெயர் வாசித்தபோது பதில் வரவில்லை. கரையில் அவன் செருப்பு மட்டும் இருந்தது.

சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் சபை கூடியது. அதன் முழுப்பெயர் சிங்கப்பூர்த் தமிழர் மனத்துயர் நிவாரண சபை. தலைவர் சபாரத்தினம், காத்தோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். செயலாளர் அப்துல் ஹமீது, கீழே இருந்த துணிக்கடையின் சொந்தக்காரர். வைத்திய ஆலோசகர் ஞானமுத்து, ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்தவர். மூவரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

தொடக்க உரையில் தலைவர் சொன்னார்: "நம் வாலிபர்கள் துயரத்தால் அழிகிறார்கள். இந்தத் துயரத்தின் வேர் எது? அந்த விஷயம். அந்த விஷயத்தை இந்தச் சபையில் எவரும் வாயால் உச்சரிக்கலாகாது. எழுதவும் கூடாது. அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட ஆளின் பெயரும் நம் ஏடுகளில் ஏறக்கூடாது. மேற்படி நபர் என்று குறித்தால் போதும். பேசாமல், எழுதாமல், பெயர் அறியாமல், அதை வேரோடு பிடுங்குவோம்!"

கைதட்டல் அடங்கியதும் தேநீர் கொண்டுவந்த முத்தாயி கேட்டாள். அவள் துறைமுகத்துப் பக்கம் சோற்றுக்கடை வைத்திருப்பவள்.

"ஏங்கய்யா, யாருன்னே தெரியாம எப்படிப் பிடுங்குவீங்க?"

"தெரிந்துகொள்வதே ஒழுக்கக் குறைவு அம்மா," என்றார் தலைவர்.

பாலகிருஷ்ணனின் மரணத்துக்குக் காரணம் அளவுக்கு மீறிய வெயில் என்று அன்றே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒன்பது நாளும் மழை பெய்தது.

•

மருதப்பன் அதே கிடங்கில் பாலகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கியவன். முதல் நாள் எல்லாரும் சிரித்தபோது அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் தன் பக்கம் பார்ப்பார்களோ என்ற பயத்தில் சிரித்தான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷமாக அவன் முத்தாயியின் கடைக்கு மேல் உள்ள அறையில் ஒலி முகம்மதுவோடு இருந்தான். ஒலி முகம்மது நாகூர்க்காரன். தபாலாபீசுக்கு அருகே அஞ்சடி என்கிற கடைவாசல் நடைபாதையில் ஒரு சாய்வுப் பலகையோடு உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பவன். மருதப்பன் முதல் முறை அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி வந்தான். மறுவாரமும் வந்தான். மூன்றாம் வாரம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் வந்தான். "சொல்றதுக்கு இல்லேன்னா சும்மா உக்காருங்க," என்றான் ஒலி முகம்மது. அப்படித்தான் தொடங்கியது.

ஒலி முகம்மதுவுக்கு நாகூரில் மனைவி உண்டு. பெயர் ஜைனப். அவள்மீதும் அவனுக்கு அன்பு இருந்தது. இரண்டில் எது பொய் என்று கேட்டால் அவனால் சொல்ல முடிந்திருக்காது, ஏனென்றால் இரண்டும் பொய் இல்லை.

பாலகிருஷ்ணன் போன பிறகு மருதப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. சபையில் இலவசமாகத் தூக்க மருந்து தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். டிராம் ஏறிப் போனான்.

சபைக்கு அவன்தான் முதல் நோயாளி. மூவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். தூக்க மருந்து இல்லை என்றார்கள். ஆனால் நாற்பது கேள்விகள் இருந்தன.

பதினான்காம் கேள்வியைச் செயலாளர் வாசித்தார். "நீங்க சந்தோஷமா இருக்கும்போது யாரோட இருப்பீங்க?"

மருதப்பன் யோசிக்காமல் சொன்னான். "ஒலி மு..."

"நிறுத்துங்க!" என்று அப்துல் ஹமீது காதைப் பொத்திக்கொண்டார். "பேரு வேணாம்! ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆம்பளைங்க."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். டிரஸ்ஸர் ஜன்னலைத் திறந்தார். செயலாளர், "மேற்படி நபர்," என்று எழுதி, எழுதியதை மறு கையால் மறைத்துக்கொண்டார்.

"ஐயா, எனக்குத் தூக்கம் வரலேன்னுதான் வந்தேன்," என்றான் மருதப்பன். "எங்கூட வேலை பாத்த பையன் செத்துட்டான். அவனைப் பாத்து நானும் சிரிச்சேன். அது மனசுல கெடக்கு."

"அதற்கு எங்கள் படிவத்தில் கேள்வி இல்லை," என்றார் தலைவர், கனிவாக.

•

துயரத்தை அளப்பதற்கு டிரஸ்ஸர் ஞானமுத்து ஒரு கருவி செய்திருந்தார். அது ஒரு வட்டக் கண்ணாடி. நடுவிலிருந்து விளிம்பு வரை நூறு வளையங்கள் கீறப்பட்டிருந்தன. நோயாளி அதன்மேல் பெருமூச்சு விட வேண்டும். ஆவி எந்த வளையம் வரை படிகிறதோ அதுவே துயரத்தின் அளவு. முப்பதுக்குக் கீழே சுகம். முப்பதிலிருந்து எழுபது வரை சிகிச்சை. எழுபதைத் தாண்டினால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே போன ஆட்களைப் பற்றி மருதப்பன் கேள்விப்பட்டிருந்தான். திரும்பி வந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

"ஊதுப்பா. ஊதுறதுன்னா ஊதுறது இல்ல, மனசுலேந்து விடணும்."

முப்பத்தொன்று.

"ஒரே ஒரு வளையம் கூட," என்றார் டிரஸ்ஸர் மகிழ்ச்சியோடு. "நல்ல வேளை, சீக்கிரமே வந்துட்ட."

முதல் சிகிச்சை பிரித்துவைத்தல். மேற்படி நபரிடமிருந்து நோயாளியைப் பிரிக்க வேண்டும். மேற்படி நபர் யார் என்று தெரியாததால், நோயாளியை எல்லாரிடமிருந்தும் பிரிப்பது என்று முடிவானது. துணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை ஒதுக்கினார்கள். வேலைக்கு டிராமில் போய் டிராமில் வர வேண்டும், வழியில் யாரோடும் பேசக்கூடாது. மறுத்தால் கிடங்கு மேஸ்திரிக்குச் சபை ஒரு குறிப்பு அனுப்பும். மேஸ்திரி அதைப் பெயர் வாசிக்கும்போது வாசிப்பார் என்று மருதப்பனுக்குத் தெரியும். அவன் மறுக்கவில்லை.

பெட்டியை எடுத்து வரச் செயலாளரே முத்தாயியின் கடைக்கு மேல் ஏறினார். அறைக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் இருப்பதற்காக வாசலுக்கு முதுகு காட்டி நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டினார். உள்ளே இருந்த யாரோ அந்தக் கையில் பெட்டியைக் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் மடித்த போர்வை ஒன்றும் வந்தது. அது மருதப்பனுடையது இல்லை. செயலாளருக்கு அது தெரியாது. மருதப்பனுக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஊதச் சொன்னார்கள். நாற்பத்து நான்கு.

"பாத்தீங்களா!" என்றார் டிரஸ்ஸர். "உள்ளே ஒளிஞ்சிருந்தது வெளியே வருது. சிகிச்சை வேலை செய்யுது."

இரண்டாம் சிகிச்சை படம். ஒரு போட்டோ கடையில் ஒரு பெண்ணின் படம் வாங்கி வந்து அறைச் சுவரில் மாட்டினார்கள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி அதைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் யார் என்று சபைக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது ஒழுக்கம் ஆகாது. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி, எப்போது எழுந்து போகலாம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மருதப்பனுக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. யாரோடும் பேசக்கூடாது என்பதால் அவன் அவளோடு பேசத் தொடங்கினான். ஒலி முகம்மது பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மறந்துபோய்த் தேடுவதை அவளிடம் சொன்னான்.

கதவுக்கு வெளியே நின்று கேட்ட செயலாளர், நோயாளி படத்தோடு அன்பாக உரையாடுகிறார் என்று ஏட்டில் எழுதினார்.

ஐம்பத்தேழு.

சாப்பாடு தினமும் முத்தாயி கடையிலிருந்து வந்தது. அவன் மிச்சம் வைத்த சோற்றை டிரஸ்ஸர் தராசில் நிறுத்து எழுதினார்.

முத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் டிரஸ்ஸரய்யா, வந்தப்ப முப்பத்தொண்ணு. உங்க வைத்தியத்துக்கு அப்புறம் அம்பத்தேழு. கிணறு தோண்டுறவன் மாதிரி ஆழமாப் போய்க்கிட்டே இருக்கீங்களே. நிறுத்திப் பாருங்களேன் ஒரு நாளு."

"நிறுத்தினா எவ்வளவு ஏறும்னு நெனச்சுப் பாரும்மா," என்றார் டிரஸ்ஸர்.

•

மூன்றாம் சிகிச்சை சொற்பொழிவு. பள்ளிக்கூட மண்டபத்தில் 'ஆண்மையும் அடக்கமும்' என்று தலைவர் பேசினார். மருதப்பனை மேடையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் எந்த விஷயத்துக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருநூறு பேருக்கும் தெரிந்திருந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். கிடங்கில் கேட்ட அதே சிரிப்பு.

தலைவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"எனக்கும் இளமையில் ஒரு தோழன் இருந்தான். வண்ணார்பண்ணையில். பெயர் கதிர்காமு. தூய நட்பு, ஆகவே பெயர் சொல்லலாம். அவன் என்னை விட ஒரு சாண் உயரம். நடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொள்வான். அந்தக் கையின் பாரம் இன்றும் எனக்குத் தெரியும். அவனுக்குக் கலியாணம் நிச்சயமான அன்று நான் கிணற்றடியில் போய் இருந்துவிட்டேன். நாற்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன்? அழிந்தேனா? இல்லை! கப்பல் ஏறினேன். அவனுக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. அவன் எழுதிய பதினேழு கடிதங்களையும் பிரிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம்! இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் மகிழ்ச்சியாக இருந்திருப்பேனா? ஒரு நாள்கூட இல்லை! இதைத்தான் வாலிபர்களே, நான் அடக்கம் என்கிறேன்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். தலைவர் உட்கார்ந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

அடுத்துப் பேசிய டிரஸ்ஸர், துயரம் ஒட்டிக்கொள்ளும் என்றும், நோயாளியின் மூச்சுக்கு மூன்று அடிக்குள் போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். முன்வரிசை முழுவதும் எழுந்து பின்னால் போனது.

மறுநாள் மருதப்பன் ஊதினான். அறுபத்தாறு.

•

இன்னும் நான்கு வளையங்கள் இருந்தன. சபை அவசரமாகக் கூடியது. முதல் நோயாளியே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண்டறிக்கை நன்றாக இருக்காது என்று செயலாளர் கவலைப்பட்டார். நோயாளியோடு இரவும் பகலும் ஒரே அறையில் தங்கி, மேற்படி நபர் எவரும் அண்டாமல் பார்த்துக்கொண்டு, தினமும் அறிக்கை எழுதித் தர நம்பகமான கண்காணிப்பாளர் ஒருவர் வேண்டும் என்று முடிவானது.

விளம்பரம் எழுத வேண்டும். அப்துல் ஹமீதின் கையெழுத்து அவருக்கே புரியாது. அவர் தபாலாபீஸ் பக்கம் போய், அஞ்சடியில் சாய்வுப் பலகையோடு இருந்தவனிடம் உட்கார்ந்தார்.

"ஒரு விளம்பரம் எழுதணும் தம்பி. எங்க சபையில மருதப்பன்னு ஒரு நோயாளி. ஆளைப் பாத்துக்க ஒருத்தர் வேணும்."

பேனா நின்றது. "எப்படி இருக்காரு?"

"அறுபத்தாறு."

"வயசா?"

"துயரம். எழுபதைத் தாண்டிடுச்சுன்னா அங்க கொண்டுபோய் விட்டுடுவோம்."

ஒலி முகம்மது காதில் இருந்த இன்னொரு பேனாவை எடுத்துக் கீழே வைத்தான். "என்னென்ன தகுதி போடணும்?"

"அதான் தெரியல. நீங்க நாலு மனு எழுதுற ஆளு. என்ன போடலாம்?"

"கலியாணம் ஆனவரா இருக்கணும்."

"ஆமா, ஆமா! அது முக்கியம்."

"கையெழுத்து நல்லா இருக்கணும். தினம் அறிக்கை எழுதணும்ல. குடிக்கக்கூடாது. அப்புறம், நோயாளி மூச்சுக்கு மூணு அடிக்குள்ள படுக்கப் பயப்படாத ஆளா இருக்கணும்."

"அப்படி யாரு கெடைப்பாங்க?" என்று செயலாளர் வருத்தத்தோடு கேட்டார்.

"எழுதி ஒட்டிப் பாருங்க நாநா," என்றான் ஒலி முகம்மது. "யாராச்சும் இருப்பான் ஒரு பைத்தியக்காரன்."

விளம்பரம் மூன்று நாள் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு மனு வந்தது. கையெழுத்து மிக அழகாக இருந்தது. விளம்பரத்தின் கையெழுத்தும் அதுவும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு, தரம் பொருந்துகிறது என்று தலைவர் குறிப்பு எழுதினார்.

நேர்காணலுக்கு மருதப்பனையும் கொண்டுவந்து மூலையில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்தது. மருதப்பன் எழுந்தான். ஒலி முகம்மது அவனைப் பார்க்காமல் இருமினான். மருதப்பன் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"உமக்குக் கலியாணம் ஆகிவிட்டதா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆயிடுச்சு. பேரு ஜைனப். நாகூர்ல இருக்கா."

"மனைவிமீது அன்பு உண்டா?"

"உண்டு."

"வேறு எவர்மீதாவது..." என்று தொடங்கிய தலைவர், கேள்வியின் போக்கை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். இனிக் கேட்பது நாகரிகம் அல்ல. இந்த நோயாளியை நீர் முன்பே அறிவீரா?"

"கடுதாசி எழுத வந்திருக்காரு."

"நல்லது. மேற்படி நபர் எவராவது இவரை அணுகினால் என்ன செய்வீர்?"

"நான் இருக்கிற வரைக்கும் வேற யாரும் அணுக முடியாதுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நியமனத்துக்கு முன் அளவு எடுக்க வேண்டும் என்று டிரஸ்ஸர் கண்ணாடியை நீட்டினார். மருதப்பன் ஊதினான். நேற்று வரை அறுபத்தாறில் நின்ற ஆவி முப்பதைத் தொடவில்லை.

டிரஸ்ஸர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி ஊதச் சொன்னார். இருபத்தொன்பது. ஒரு நல்ல விஞ்ஞானியைப் போல அவர் உடனே முடிவுக்கு வந்தார்.

"கருவி கெட்டுப்போச்சு," என்றார்.

கருவி சரியாகும்வரை கண்காணிப்பாளர் கண்ணால் பார்த்த அளவையே ஏற்பது என்று தீர்மானம் நிறைவேறியது. நோயாளியை முத்தாயி கடைக்கு மேல் உள்ள பழைய அறைக்கே கொண்டுபோகலாம் என்றும் அனுமதித்தார்கள். துணிக்கடைக்குச் சரக்கு வைக்கப் பின்னறை தேவைப்பட்டது.

•

முத்தாயி அன்று பாயசம் வைத்தாள். "மூணு பெரிய மனுசங்க சேந்து, முத்திரை குத்தி, பெட்டியோட திருப்பி அனுப்பியிருக்காங்க," என்றாள் ஒலி முகம்மதுவிடம். "இந்த ஊர்ல எவனுக்கு இப்படி நடக்கும் மரைக்காரே? சத்தம் போட்டுச் சிரிக்காதீங்க ரெண்டு பேரும். கீழே ஆளுங்க சாப்பிடுறாங்க."

அந்தச் சிரிப்புதான் சிக்கல். முப்பதுக்குக் கீழே எழுதினால் நோயாளி சுகமடைந்துவிடுவார், கண்காணிப்பு நின்றுவிடும். பிறகு இரண்டு ஆண்கள் ஓர் அறையில் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எழுபதுக்கு மேல் எழுதினால் ஆஸ்பத்திரி. ஒலி முகம்மது யோசித்து ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொண்டான். சில நாள் ஐம்பத்து மூன்று. மழை பெய்தால் ஐம்பத்தெட்டு. 'நோயாளி இன்றும் துயரமாக இருந்தார். மேற்படி நபர் தவிர்ந்த எவரும் வரவில்லை. கண்காணிப்பு தொடர்வது அவசியம்.' மேற்படி நபர் தவிர்ந்த என்ற சொற்களைச் சபையில் யாரும் படிக்கவில்லை. அந்தப் பெயர் வரும் இடத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

மருதப்பன் தெருவில் சிரிப்பதை விட்டுவிட்டான். டிராமில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். கிடங்கில் யாராவது வேடிக்கை சொன்னால் கயிற்றைப் பார்ப்பான். மாடிப்படி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் முகத்தை இறக்கிவைப்பான். பழகிவிட்டது. சில நாள் கதவைச் சாத்திய பிறகும் முகம் அப்படியே இருந்தது. அப்போது ஒலி முகம்மது எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவான்.

முதல் ஆண்டு விழாவில் மருதப்பனை மீண்டும் மேடையில் உட்காரவைத்தார்கள். சபையின் கண்காணிப்பால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பிய நோயாளி என்று தலைவர் அறிமுகம் செய்தார். "இவர் பூரண சுகம் அடையவில்லை. அடையவும் மாட்டார். ஆனால் அடக்கமாகத் துயரப்படுகிறார். அது நம் வெற்றி." பிறகு, கூட்டத்தார் காணும்படி கொஞ்சம் அழ முடியுமா என்று செயலாளர் காதருகில் கேட்டார்.

மருதப்பன் பாலகிருஷ்ணனை நினைத்தான். மழையில் நின்று அவன் தன் பெயருக்குப் பதில் சொன்னதை நினைத்தான். அந்தக் குரலுக்குப் பிறகு எழுந்த சிரிப்பில் தன் சிரிப்பும் இருந்ததை நினைத்தான். அழுகை வந்தது. செயலாளர் போதும் என்று சைகை செய்தார். நிற்கவில்லை. போதும் என்று வாயாலும் சொன்னார். நிற்கவில்லை. கைதட்டல் முடிந்து, நன்றியுரை முடிந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் அவன் முக்காலியில் உட்கார்ந்து அழுதான். சபை தொடங்கியதே பாலகிருஷ்ணனுக்காக என்பது அன்று அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் நினைவில்லை.

அன்றைய அறிக்கையில் ஒலி முகம்மது எழுதினான்: 'இன்று உண்மையாகவே அழுதார். அளக்க முடியவில்லை.'

இரண்டு நாள் கழித்து அறிக்கை திரும்பி வந்தது. இலக்கம் இல்லாத அறிக்கையை ஏற்க இயலாது, நிரப்பி அனுப்பவும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

ஒலி முகம்மது ஐம்பத்தைந்து என்று நிரப்பி அனுப்பினான்.